மாற்றுப் பொன்னிலிருந்து கட்-ஆஃப் வரை

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வட்டார வீடுகளில் போடப்படுவது கட்-ஆஃப் கணக்குதான். கணித மதிப்பெண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதி பாதியாக்கிச் சேர்ப்பார்கள். 200-க்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் எந்த ஊரில் என்ன கல்லூரி என்ற பேச்சு தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இந்தக் கணக்கு தெரியும். பேரனுக்கு 187 என்றால் சந்தோஷப்படவேண்டுமா, கவலைப்படவேண்டுமா என்பதும் தெரியும்.

இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 85. இன்னொருவர் கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் 95. மூன்று பாடத்தையும் கூட்டினால் இருவருக்கும் 270. கட்-ஆஃப் போட்டால் முதல்வருக்கு 185, அடுத்தவருக்கு 175. இந்தப் பத்து மதிப்பெண் இடைவெளியில் தரவரிசையில் ஆயிரக்கணக்கானோர் நின்றுவிடுவார்கள். உழைப்பின் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தும் இருவரையும் பிரித்தது, கணிதத்துக்கு இரண்டு பங்கு, மற்றவற்றுக்கு ஒவ்வொரு பங்கு என்று யாரோ வகுத்த எடை. எடையிட்ட சராசரி என்ற கணக்கு இதுதான். வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு என்று எங்கு போனாலும் வினாத்தாளில் ஓரிரு கேள்வியாக இது எட்டிப்பார்க்கும். ஆனால் தமிழ்நாட்டில் இது வினாத்தாளுக்குள் அடங்கியதல்ல. கடந்த நாற்பது ஆண்டுகளில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானித்த கணக்கு இது.

இதன் வேர் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கிறது. தமிழ் மரபில் பொன்னின் தரத்தை மாற்று என்று அளந்தார்கள். உச்சத் தரம் பத்தரை மாற்று. உரைகல்லில் இழைத்து, தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு மாற்றைச் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன் நகைகளை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்து எழுதிவைத்திருக்கிறார்கள். நிறையும் மாற்றும் சேர்ந்தால்தான் பொன்னுக்கு மதிப்பு. நிறை மட்டும் தெரிந்து பயனில்லை.

எட்டு மாற்றுப் பொன் ஆறு கழஞ்சும் பத்து மாற்றுப் பொன் இரண்டு கழஞ்சும் சேர்த்து உருக்கினால் வருவது எத்தனை மாற்று? எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்பது என்பவர் நஷ்டப்படுவார். ஆறெட்டு நாற்பத்தெட்டு, பத்திரண்டு இருபது என்று மனத்தில் வாய்ப்பாடு ஓடும் தட்டானிடம் கேட்டால், நாற்பத்தெட்டும் இருபதும் அறுபத்தெட்டு, எட்டுக் கழஞ்சுக்கு வகுத்தால் எட்டரை மாற்று என்று சொல்லிவிடுவார். மட்டமான பொன் கூடுதலாக இருப்பதால் கலவை அதன் பக்கம் சாய்கிறது.

இந்தக் கணக்கு இந்தியக் கணித நூல்களில் தனி இடம் பெற்றிருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர் ஆட்சியில் வாழ்ந்த மகாவீரர் இதை எழுதினார். 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் பொன் கணக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. 13, 12, 11, 10 தரமுள்ள பொன் முறையே 10, 4, 2, 4 பங்கு சேர்த்து உருக்கினால் தரம் என்ன என்று கேட்கிறார் பாஸ்கரர். பெருக்கிக் கூட்டினால் 240, மொத்தப் பங்கு 20, விடை 12. புடம் போட்டு எடை குறைந்தால் தரம் எவ்வளவு ஏறும் என்றும் அதே வழியில் சொல்லித்தருகிறார். ஐரோப்பாவில் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலில் வெள்ளிக் காசுக்கான உலோகக் கலப்பைப் பற்றி ஓர் அத்தியாயமே வைத்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கம் இந்தக் கணக்கு பாடமாகிவிட்டது.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் பொன், நெல், நிலம், கல் என்று வகைபிரித்துக் கணக்கு சொல்லும் நூல். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். ஓலையில் எழுதி, உரக்கச் சொல்லி, மறுநாள் ஒப்பிக்கவேண்டும். அந்தப் படிப்பின் நோக்கம் தேர்வு அல்ல, சந்தையும் களத்துமேடும் வரிப்புத்தகமும். அப்படியொரு சந்தை பரமத்தி வேலூருக்குப் பக்கத்திலேயே இருந்தது. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கரூர், சேரர் தலைநகரான வஞ்சி என்று பல ஆய்வாளர்கள் கருதும் ஊர். அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசும் ரோமானியர் காசும் பொன் மோதிரங்களும் கிடைத்திருக்கின்றன. பொன்னை நிறுத்து, தரம் பார்த்து, கைமாற்றிய ஒரு சந்தை இந்த ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

இன்றைய சந்தையிலும் கணக்கு அதுவேதான். பிலிக்கல்பாளையத்து வெல்ல ஏலத்தில் உருண்டை வெல்லத்துக்கு ஒரு விலை, அச்சு வெல்லத்துக்கு ஒரு விலை. இரண்டும் முப்பது கிலோ சிப்பமாகத்தான் ஏலம் போகும். ஒரு கரும்பாலைக்காரர் உருண்டை பத்துச் சிப்பத்தை 1,300 ரூபாய்க்கும் அச்சு முப்பது சிப்பத்தை 1,340 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொண்டால், அவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 1,320 அல்ல, 1,330. நாற்பதில் முப்பது சிப்பம் அச்சு, அதாவது முக்கால் பங்கு. விலை வித்தியாசம் நாற்பது ரூபாய், அதில் முக்கால் முப்பது ரூபாய். 1,300-உடன் முப்பதைச் சேர்த்தால் முடிந்தது. வெற்றிலையிலும் வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை, இளம்பயிருக்கு ஒன்று, முதிகாலுக்கு ஒன்று. 104 கவுளி ஒரு சுமை. இத்தனை விலைகளைத் தலைக்குள் கலந்து நிகர வரவைச் சொல்பவர்கள் பரமத்தி வேலூரில் ஏராளம். தேர்வறையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு தடுமாறும் பட்டதாரிகள் இவர்களிடம் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். அங்கே கலவையின் தரம் முன்பே தெரியும், எவ்வளவு கலப்பது என்பதே கேள்வி. மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 விழுக்காடு, சோயாப் புண்ணாக்கில் சுமார் 45. தீவனத்தில் 18 வேண்டும். ஒரு கட்டம் போட்டு நடுவில் 18-ஐ எழுதி, இடப்பக்க மூலைகளில் 9, 45 என்று எழுதுகிறார்கள். குறுக்காகக் கழித்தால் மக்காச்சோளத்துக்கு நேரே 27, சோயாவுக்கு நேரே 9. மூன்று பங்குக்கு ஒரு பங்கு. பியர்சன் சதுரம் என்று கால்நடைத் தீவனப் பாடத்தில் சொல்லித்தரும் வழி இது. தீவனத்தில் சுண்ணாம்புச்சத்தும் தாது உப்பும் வைட்டமினும் இன்னும் சேரவேண்டும் என்பதால் முழுச் சூத்திரம் இதைவிட நீளம். ஆனாலும் அடித்தளம் இந்தக் கட்டம்தான். ஆர். எஸ். அகர்வாலின் போட்டித் தேர்வுப் புத்தகத்தில் கலவைக் கணக்குக்குப் போடும் குறுக்குக் கட்டமும் இதுவே. பயிற்சி மையங்களில் குறுக்குவழி என்று கற்றுத்தரப்படுவது, பண்ணைக் கொட்டகையில் தினசரி வேலை.

வினாத்தாளில் வரும் கேள்விகளில் பிள்ளைகள் விழும் குழி எப்போதும் ஒன்றுதான். ஒரு வகுப்பில் 40 பேர், சராசரி 60. இன்னொன்றில் 10 பேர், சராசரி 90. இரண்டையும் சேர்த்தால்? 75 என்று எழுதியவருக்கு மதிப்பெண் போனது. ஆட்களின் விகிதம் நாலுக்கு ஒன்று, ஆகவே இடைவெளியான 30-ஐ ஐந்து கூறாக்கி, பெரிய வகுப்பிலிருந்து ஒரு கூறு மட்டும் நகரவேண்டும். விடை 66. சராசரிகளைச் சராசரி எடுக்காதே, முதலில் எத்தனை பேர் என்று கேள். இதைப் புரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் தேவையில்லை.

இந்த எடை மனிதர்களின் தலைவிதிக்குள் நுழைந்த கதையைத் தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்குவது? நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். 1970 வாக்கில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 75. பெரியகருப்பன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 75 மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றது. ஒரு சில நிமிடப் பேச்சுக்கு நாலில் ஒரு பங்குக்கும் மேல் எடை கொடுத்தால், ஆண்டு முழுக்கப் படித்த படிப்பைத் தேர்வுக் குழு நினைத்தால் கவிழ்த்துவிடலாம். பின்னர் 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று அதே நீதிமன்றம் வரம்பு கட்டியது. எடை என்பது கணக்கு வாத்தியார் விஷயம் மட்டுமல்ல, சமத்துவம் பற்றிய விஷயம் என்று நாடு அறிந்துகொண்ட தீர்ப்புகள் இவை.

1978-இல் தமிழ்நாட்டுக்கு பிளஸ் டூ வந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. அதோடு பிறந்தது 300 மதிப்பெண் கட்-ஆஃப். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, நுழைவுத்தேர்வு 100. மருத்துவத்தில் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அப்போது ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண்ணுக்கு என்பதால், கணிதத்தை இரண்டால், மற்றவற்றை நான்கால் வகுக்கவேண்டும். கால் மதிப்பெண்ணில் இடம் போனது என்று அந்தக் காலத்துப் பெற்றோர் சொல்வது மிகையல்ல. நாலில் வகுத்தால் கால் கால் மதிப்பெண்ணாகத்தான் வரும்.

1997 ஜனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை, ஒரே எண். லாரியும் கோழியும் ஜவ்வரிசியும் தெரிந்த மாவட்டம் அந்த எண்ணைக் குறிவைத்து ஒரு புதிய தொழிலைக் கட்டியெழுப்பியது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதியோடு கூடிய தனியார் மேல்நிலைப் பள்ளிகள் எழுந்தன. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தொழிலுக்குப் பெரிய திருப்பம் 2007. கருணாநிதி ஆட்சியில் கல்வியாளர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு கிராமப்புற மாணவர்களுக்கு நுழைவுத்தேர்வு தடையாக இருக்கிறது என்று அறிக்கை தந்தது. 2006-இல் நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பயிற்சி மையத்துக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது உண்மை. பரமத்தி, கபிலர்மலை, ஜேடர்பாளையம் போன்ற ஊர்களில் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் அந்தக் கதவு வழியாகப் போனவர்கள். ஆனால் எடையை ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் ஏறும். 300-இல் 200 ஆக இருந்த பிளஸ் டூ இப்போது முழுவதுமாக ஆனது. பிளஸ் டூ மதிப்பெண் எடுக்கவைக்கும் கலையில் தேர்ந்த பள்ளிகளுக்கு அந்த ஆண்டுகள் பொற்காலம். பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு எங்கும் எடை இல்லாததால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவைத்து, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தை நடத்தின. பதினாறு வயதுப் பிள்ளை பிளஸ் ஒன் பாடத்தைப் படிக்காமலேயே பொறியியலுக்குப் போய் முதலாண்டில் திணறினால் அந்தக் குற்றம் பிள்ளையுடையதல்ல. பூஜ்ய எடை கொடுத்த சூத்திரத்தின் குற்றம்.

அரசு 2017-இல் விழித்துக்கொண்டது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் அந்த ஆண்டு நின்றது. 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது.

அதே 2017-இல் மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் டூவின் எடை பூஜ்யமானது. நீட் மட்டுமே கணக்கு. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1,200-க்கு 1,176 எடுத்திருந்தார், மருத்துவக் கட்-ஆஃப் 196.75. பழைய எடையில் அவர் மருத்துவர். புதிய எடையில் அவருக்கு இடமில்லை. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த மகளை செப்டம்பர் முதல் நாளில் தமிழகம் இழந்தது. மூன்று ஆண்டு கழித்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. ஒரே நாளில் எடையை நூறிலிருந்து பூஜ்யமாக்கினால், அதற்கு முந்தைய பத்தாண்டு உழைத்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதை எந்தச் சூத்திரமும் கேட்டதில்லை.

வெயிட்டேஜ் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகியது ஆசிரியர் தகுதித் தேர்வால். 2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 2,448 பேர்தான் தேறினார்கள். அந்த அக்டோபரில் வந்த அரசாணை 252 பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கு எடை வகுத்தது: டெட் 60, பிளஸ் டூ 10, பட்டப்படிப்பு 15, பி.எட். 15. பிரச்சினை டெட்டுக்குப் போட்ட படிக்கட்டில் இருந்தது. 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் எடுத்த எல்லாருக்கும் 42, 70 முதல் 80-க்குள் 48, அதற்கு மேல் 54, 90-ஐத் தாண்டினால் 60. ஆகவே 150-க்கு 90 எடுத்தவருக்கும் 104 எடுத்தவருக்கும் ஒரே 42. 105 எடுத்தவருக்கு 48. பதினான்கு கேள்விக்கு மதிப்பில்லை, ஒரு கேள்விக்கு ஆறு மதிப்பெண். 2014 ஏப்ரலில் நீதிபதி நாகமுத்து இந்தப் படிக்கட்டு முறையை ரத்து செய்தார். மே 30-இல் வந்த அரசாணை 71, எடுத்த விழுக்காட்டை அப்படியே எடையால் பெருக்கச் சொன்னது.

கணக்கு நேரானது. மனிதர்கள் நேராகவில்லை. தொண்ணூறுகளில் பிளஸ் டூவில் 60 விழுக்காடு என்பது நல்ல மதிப்பெண். அடுத்த தலைமுறையில் 90 சாதாரணம். இருவரும் ஒரே வரிசையில் நின்றபோது, பிளஸ் டூவுக்கான பத்தில் ஒருவருக்கு 6, மற்றவருக்கு 9. மூன்று மதிப்பெண் சிறியதாகத் தெரியும். டெட்டில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 0.4 என்பதால் அந்த மூன்றை ஈடுகட்ட மூத்தவர் எட்டுக் கேள்வி கூடுதலாகச் சரியாக எழுதவேண்டியிருந்தது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கடுமையில் நடந்த தேர்வுகளை ஒரே தராசில் வைத்ததுதான் பிழை. உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் வெயிட்டேஜ் முறை செல்லும் என்றது. 2018 ஜூலையில் அரசாணை 149 அதைக் கைவிட்டு, டெட்டில் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வை வைத்தது.

பிறகு கொரோனா வந்தது. 2021 ஜூனில் பிளஸ் டூ தேர்வு ரத்தானதும் எட்டு லட்சம் பேருக்கு எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போடவேண்டியதாயிற்று. சூத்திரம் இது: பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30. பத்தாம் வகுப்பில் 90, பிளஸ் ஒன்னில் 80, செய்முறை முழு மதிப்பெண் என்றால் 45, 16, 30, ஆக 91. முடிவு ஜூலை 19-இல் வந்தது.

அந்தச் சூத்திரத்தில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. செய்முறையிலும் அக மதிப்பீட்டிலும் கிட்டத்தட்ட எல்லாரும் முழு மதிப்பெண் வாங்குவது நம் வழக்கம். எல்லாரும் 30 வாங்கினால் அந்த 30 யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. காகிதத்தில் எடை 30, நடப்பில் பூஜ்யம். பிள்ளைகளைப் பிரித்தது பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு முன் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வு. கட்-ஆஃபிலும் இதே நிலை வரும். கணிதத்தில் சென்டம் மலிந்த ஆண்டில் மேல்வரிசையில் கணிதம் யாரையும் பிரிப்பதில்லை. பாதி எடைதான் என்று அலட்சியமாக விட்ட வேதியியல் வந்து வரிசையை மாற்றிவிடும். எடை எவ்வளவு என்று பார்ப்பதோடு, அந்தப் பாடத்தில் மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்றும் பார்க்கவேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் சொல்லாத பாடம் இது.

பரமத்தி வேலூர்ப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்கவேண்டாம். பிலிக்கல்பாளையத்து ஏல விலையையும் பண்ணைத் தீவனக் கட்டத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்து கட்-ஆஃபையும் 2021-இன் 50, 20, 30-ஐயும் எழுதி, இந்த எண்களை மாற்றினால் வகுப்பில் யார் முன்னுக்கு வருவார், யார் பின்னுக்குப் போவார் என்று பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்று குழம்பி நிற்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.